சரக்கின் பெயர் கடையின் பெயர் ஆகாது

கேரளத்து அகஸ்தியமலையிலுள்ள போனக்காட்டிலோ, கீழே விதுராவிலோ இருந்துகொண்டு மிளகும் மலைத்தேனும் ஏலக்காயும் இணையத்தில் விற்க நினைக்கும் ஒருவருக்கு முதல் நாளே கிடைக்கும் அறிவுரை இதுதான்: “ஊர்ப் பெயரையும் சரக்கின் பெயரையும் ஒட்டி ஒரு டாட் காம் வாங்கிப் போடு. தேடுகிறவன் அந்தச் சொல்லைத்தான் அடிப்பான். கூகுள் உன்னை மேலே கொண்டுவந்து நிறுத்தும்.” வெப்சைட் செய்து தருகிறவர் இதைச் சொல்கிறார். யூடியூபில் தொழில் பாடம் எடுக்கிறவர் சொல்கிறார். அனுபவப்பட்ட உறவுக்காரரும் சொல்கிறார். இத்தனை பேர் சொல்வதால் அது விதி போலவே ஆகிவிட்டது.

இந்த அறிவுரை தவறு. சிறு வியாபாரிக்கு அது கேடும்கூட. பெரிய நிறுவனம் பெயரில் தவறினால் கோடிகளைச் செலவழித்துத் திருத்திக்கொள்ளும். மலையடிவாரத்திலிருந்து பத்துக் கிலோ மிளகை வைத்துத் தொழில் தொடங்குகிறவருக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. டொமைன் என்பது தேடுகிறவரைப் பிடிக்கும் தூண்டில் என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது அவர் தன் கையில் வைத்திருக்க வேண்டிய சொத்து. சொத்தாக எண்ணிப் பார்த்தால், கேட்க வேண்டிய கேள்விகளே வேறு. இந்தப் பெயரை நான் காத்துக்கொள்ள முடியுமா? கேட்டவர் பிழையில்லாமல் எழுதுவாரா? தொழில் வளர்ந்தால் பெயரும் கூட வருமா? பதிவு யார் பேரில் இருக்கிறது? ஊரும் சரக்கும் ஒட்டிய பெயர் முதல் மூன்று கேள்வியிலும் தோற்றுப்போகிறது. நான்காவது கேள்வியை யாரும் கேட்பதே இல்லை.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். சென்னையைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்களின் வழக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதி விவாதம் முடிந்துவிடும்.

முதலாவது சத்யம் இன்ஃபோவே. 1999-இல் அந்த நிறுவனம் தன் பெயரிலிருந்த எழுத்துகளைக் கோத்து ‘சிஃபி’ என்றொரு சொல்லை உண்டாக்கி, சிஃபிநெட், சிஃபிமால் என்று டொமைன்களைப் பதிவு செய்தது. அகராதியில் இல்லாத சொல். அதைப் பார்த்து எந்தச் சரக்கு, எந்தச் சேவை என்று யாரும் சொல்ல முடியாது. பின்னர் இன்னொரு நிறுவனம் ஓரெழுத்து கூட்டி சிஃப்ஃபிநெட் என்று பதிவு செய்தது. எங்கள் பங்குதாரர்கள் ஐவருடைய பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தோம், அவ்வளவுதான் என்று விளக்கமும் சொன்னது. பெங்களூர் சிவில் நீதிமன்றம் தடை கொடுத்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது, கடைசியில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2004 மே 6 அன்று வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த முதலெழுத்து விளக்கத்தை ஏற்கவில்லை. சிஃபி என்பது உண்டாக்கப்பட்ட சொல் என்பதைக் கணக்கில் கொண்டு, டொமைன் பெயருக்கும் வணிகக்குறிக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று நிறுவியது. இந்தியாவில் டொமைன் பெயர் பற்றிப் பேசும் எவரும் இன்றுவரை இந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது, பாரத்மேட்ரிமோனி நடத்தும் நிறுவனம். அப்போது அதன் பெயர் கன்சிம் இன்ஃபோ. தமிழ்மேட்ரிமோனி போன்ற பெயர்களை வணிகக்குறிகளாகவே பதிவு செய்து வைத்திருந்தது. கூகுளில் அந்தச் சொற்களைத் தேடுவோருக்குப் போட்டித் திருமணத் தளங்களின் விளம்பரங்கள் தெரிகின்றன, அதைத் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு விளம்பரத்துக்கான கீவேர்ட் பற்றியது, டொமைன் பற்றியது அல்ல. ஆனால் அதற்குள் இருந்த கேள்வி நம்முடையதுதான்: பொதுச் சொல்லைப் பெயராக வைத்தவர் அந்தச் சொல்லைத் தனக்கென்று வேலி கட்டிக்கொள்ள முடியுமா? 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்ரமணியன் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தார். ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ போன்ற சொற்கள் சேவையை விவரிக்கும் சொற்கள், அவற்றை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்பதே அந்த உத்தரவின் சாரம்.

புதுச் சொல்லை உண்டாக்கியவர் ஓரெழுத்து மாற்றத்தைக்கூடத் தடுத்து நிறுத்தினார். விவரிக்கும் சொல்லை வைத்தவரால், பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தும், போட்டியாளரைத் தடுக்க முடியவில்லை. வழக்கறிஞர் படையோடு போன பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை. போனக்காட்டு மிளகு வியாபாரி என்ன செய்வார்?

அவர் நிலை இன்னும் மோசம். 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, சரக்கின் வகையையோ தரத்தையோ அது விளைந்த இடத்தையோ மட்டும் சுட்டும் பெயரைப் பதிவு செய்ய மறுக்கச் சொல்கிறது. போனக்காடு இடம், மிளகு வகை. இரண்டையும் ஒட்டினால், சட்டம் மறுக்கச் சொல்வதையெல்லாம் ஒரே பெயரில் திரட்டி வைத்தது போலத்தான். நாளை விதுராவிலோ திருவனந்தபுரத்திலோ இன்னொருவர் அதே ஊரின் மிளகை அதே சொற்களோடு, நடுவில் ஒரு சொல் மட்டும் கூட்டி விற்றால், அவரைத் தடுக்க இவரிடம் எதுவும் இருக்காது. அந்த ஊர் மிளகை அந்த ஊர் மிளகு என்று சொல்ல அவருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமை நியாயமானதும்கூட.

பெயரைக் காக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதே அகஸ்தியமலைக்கு வெளியே சான்று தேட வேண்டியதில்லை. இந்த மலையில் வாழும் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து, பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. அதைத் தயாரிக்கும் உரிமை 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்குப் போனது. வருவாயில் பங்கு பெறக் காணி மக்கள் 1997-இல் ஓர் அறக்கட்டளையும் அமைத்துக்கொண்டார்கள். அறிவைத் தந்தவர்களோடு லாபத்தைப் பகிர்ந்த முன்மாதிரி என்று உலகமே எடுத்துக் காட்டிய ஏற்பாடு அது. ஆனால் அமெரிக்காவில் அந்தப் பெயரை இங்குள்ள எவரும் பதிவு செய்யவில்லை. ஓர் அமெரிக்க நிறுவனம் ‘ஜீவனி’யைத் தன் வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டது. மூலிகை இங்கே, அறிவு இங்கே, ஆய்வு இங்கே. பெயர் மட்டும் அங்கே போனது. இந்த மண்ணில் பெயரைப் பற்றி ஏனோதானோ என்று இருக்க யாருக்கும் உரிமை இல்லை.

“சட்டமெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் ஆள் வர வேண்டாமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கீவேர்டை டொமைனில் வைத்தால் ஆள் வருவார்களா?

ஒரு காலத்தில் வந்தார்கள். தேடும் சொல்லும் டொமைனும் அப்படியே பொருந்தினால் கூகுள் தளத்தை மேலே தூக்கிய காலம் ஒன்று இருந்தது. அதைப் பயன்படுத்தி, உள்ளே சத்தில்லாத ஆயிரக்கணக்கான தளங்களைப் பலர் கட்டினார்கள். 2012 செப்டம்பர் 28 அன்று கூகுளின் மேட் கட்ஸ், தரம் குறைந்த அத்தகைய தளங்களைக் கீழே இறக்கும் மாற்றத்தை அறிவித்தார். இன்று கூகுள் தானே வெளியிட்டிருக்கும் தொடக்க வழிகாட்டி, டொமைனில் உள்ள கீவேர்டால் தரவரிசையில் ஏறக்குறைய எந்தப் பலனும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஆக, நம் ஊரில் இன்னும் சுற்றிவரும் இந்த அறிவுரை பத்தாண்டுக்கும் மேலாகக் காலாவதியானது.

இன்னொன்றும் இருக்கிறது. போனக்காடு என்று தேடுகிறவர் யார்? திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்த ஊரை இணையம் அறிந்திருப்பது பாழடைந்த தோட்ட பங்களாவின் பேய்க்கதையால்தான். அடுத்தபடியாக, 1868 மீட்டர் உயர அகஸ்தியர்கூடத்துக்கு இங்கிருந்து தொடங்கும் மலையேற்றத்தால். பேய் பங்களாவைத் தேடி வந்தவர் மிளகு வாங்க மாட்டார். பார்த்துவிட்டுப் போய்விடுவார். மலையேற்றத்துக்கு வருகிறவர் விஷயம் இன்னும் கவலைக்குரியது. அந்த அனுமதியைத் தருவது கேரள வனத்துறை, அதன் சொந்த இணையதளம் வழியாக. அகஸ்தியர்கூடம், ட்ரெக், புக்கிங் என்ற மூன்று சொல்லையும் ஒட்டித் தனியார் ஒருவர் டொமைன் வைத்தால், பார்க்கிறவர் அதை அரசுத் தளம் என்றே நம்பிப் பணம் கட்டுவார். வைத்தவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அந்தப் பெயர் செய்யும் வேலை ஏமாற்று வேலைதான். வாடிக்கையாளர் ஏமாந்து வந்து சேரும் பெயரில் நல்ல வியாபாரம் நிற்காது.

இனி, காது. சிறு வியாபாரம் கூகுளில் பிறப்பதில்லை. வாங்கியவர் தெரிந்தவரிடம் சொல்வதில் பிறக்கிறது. நாகர்கோவிலிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போனில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“வெப்சைட்ல பாத்து ஆர்டர் போடுங்க அண்ணாச்சி. போனக்காடு, கோடு, ஹில் ஹனி டாட் காம்.”

“எழுத்தக் கூட்டிச் சொல்லு தம்பி.”

“பி, ஓ, என், ஏ, சி, ஏ, யூ, டி...”

“காடுக்கு கே-தானே? சி-ன்னா சொல்லுத?”

“சி-தான் அண்ணாச்சி. அப்புறம் நடுவுல ஒரு சின்னக் கோடு.”

“கோடா? சரி, நீ வாட்ஸ்அப்ல அனுப்பிரு.”

அந்த வாட்ஸ்அப் செய்தி அவரோடு நின்றுவிடும். அவர் தன் மைத்துனரிடம் வாயால் சொல்ல முடியாத பெயர் அது. ஆங்கில எழுத்தில் போனக்காட்டைத் தோட்டக்காரத் துரைகள் விட்டுப்போன வழக்கில் ஒருவர் எழுதுவார், காதில் விழுந்தபடி ‘கே’ போட்டு இன்னொருவர் எழுதுவார், மலையாளி ஒருவிதம், தமிழர் ஒருவிதம். அகஸ்தியர் என்ற பெயருக்கும் இதே கதி: ‘ஹெச்’ வருமா வராதா, ‘எஸ்’ வருமா வராதா? ‘ழ’ உள்ள சொல்லானால் இன்னும் சிக்கல். இடையில் கோடு போடுவது எல்லாவற்றிலும் மோசம். கோடில்லாத பெயரை வேறொருவர் ஏற்கெனவே வாங்கிவிட்டதால்தான் பெரும்பாலோர் கோட்டுக்குப் போகிறார்கள். கோட்டை மறந்துவிட்டு அடிக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் நேரே அந்த வேறொருவரிடம் போய்ச் சேருகிறார்.

இந்த இடத்தில் எண் கணிதம் பற்றியும் சொல்லியாக வேண்டும். கூட்டுத்தொகை ராசியாக வர வேண்டும் என்று டொமைனில் ஓர் ‘ஏ’யைக் கூட்டுகிறார்கள், ஒரு ‘ஹெச்’சைச் செருகுகிறார்கள். நம்பிக்கை அவரவர் விருப்பம். கடைப் பலகையில் அந்த எழுத்து இருக்கட்டும், பில் புத்தகத்தில் இருக்கட்டும். பலகையைப் பார்க்கிறவர் ஓர் எழுத்து கூடியிருந்தாலும் கடைக்குள் வந்துவிடுவார். இணையத்தில் ஓர் எழுத்து பிசகினால் வாசலே வேறு. ராசிக்காகக் கூட்டிய எழுத்து வாடிக்கையாளரை வெளியே நிறுத்திவிடும்.

அடுத்தது, வளர்ச்சி. இன்று தேன் விற்கிறவர் நாளை மிளகு விற்பார், மறுநாள் இரண்டு அறை கட்டித் தங்க இடம் தருவார். ‘ஹனி’ என்று முடியும் டொமைனில் எதைப் போடுவது? இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் சாமானியர்கள் இல்லை. 2008-இல் ஃபுடீபே என்று தொடங்கிய தளம் 2010-இல் ஸொமேட்டோ ஆனது. பழைய பெயரின் வால் இன்னொரு பெரிய நிறுவனமான ஈபேயை ஒத்திருந்தது அதற்கு ஒரு காரணம். சென்னையில் 2010-இல் ஃப்ரெஷ்டெஸ்க் என்று தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதத்தின் நிறுவனம், உதவி மேசை மென்பொருளைத் தாண்டி வளர்ந்தபின் 2017-இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயரை அகலப்படுத்திக்கொண்டது. ஸ்ரீதர் வேம்புவின் அட்வென்ட்நெட் 2009-இல் ஸோஹோ ஆனது. வளர்ந்த நிறுவனங்கள் எந்தத் திசையில் நகர்ந்தன என்று பாருங்கள். சரக்கைச் சொல்லும் பெயரிலிருந்து விலகித்தான் போயிருக்கின்றன.

எதிர்த் தரப்பின் பலமான ஆயுதம் இனிமேல்தான் வரும். “அப்படியானால் ஷாதி டாட் காம் எப்படி வென்றது? நௌக்ரி டாட் காம் எப்படி வென்றது? கல்யாணம், வேலை என்று அப்பட்டமான பொதுச் சொற்கள்தானே?” வென்றார்கள், மறுக்கவில்லை. நௌக்ரி 1997-இல் களம் காலியாக இருந்தபோது வந்தது. பல ஆண்டுகள் விளம்பரத்தில் பணத்தைக் கொட்டி அந்தப் பொதுச் சொல்லை மக்கள் மனத்தில் தன் பெயராக ஆக்கிக்கொண்டது. 2002-இல் நௌகரி என்று ஓர் எழுத்து கூட்டி வந்தவரை டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்ததும் அந்த உழைப்பின் பலன்தான். ஷாதிக்கோ அதுவும் முழுதாகக் கிடைக்கவில்லை. செகண்ட்ஷாதி டாட் காம் மீது அது தடை கேட்டபோது, 2016-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஜி.எஸ். படேல் மறுத்துவிட்டார். ஷாதி என்பது எல்லோருக்கும் உரிய சொல் என்றார். பொதுச் சொல்லைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியும், ஆனால் அதற்கு முதலில் வந்திருக்க வேண்டும், கோடிகள் வேண்டும், பல ஆண்டுகள் வேண்டும், அப்போதும் உறுதியில்லை. இந்த மூன்றும் இல்லாதவருக்கு அதே வழியைக் காட்டுவது அறிவுரையே அல்ல.

“பெயரில் சொல்லாவிட்டால் என்ன விற்கிறோம் என்று எப்படித் தெரியும்?” அதைச் சொல்ல இடமா இல்லை? பக்கத்தின் தலைப்பு இருக்கிறது, கூகுள் வரைபடத்தில் கடை விவரம் இருக்கிறது, வாட்ஸ்அப் பிசினஸ் முகப்பு இருக்கிறது. அங்கெல்லாம் போனக்காட்டு மிளகு என்று தாராளமாக எழுதுங்கள். தேடுபொறி படிப்பதும் அங்கேதான். நாளை சரக்கு மாறினால் அந்த வரியை அழித்து எழுதிவிடலாம். டொமைனை அப்படி அழித்து எழுத முடியாது.

“டாட் காம் இல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள்” என்பது அடுத்தது. நல்ல பெயருக்கு டாட் காம் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்கவில்லை என்பதற்காக நல்ல பெயரைக் கைவிட்டு, கோடும் கூடுதல் எழுத்தும் போட்ட டாட் காமுக்கு ஓடாதீர்கள். டாட் இன் 2005 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நம்பிக்கைதான் கேள்வி என்றால் ரிசர்வ் வங்கி செய்ததைப் பாருங்கள்: மோசடியைத் தடுக்க இந்திய வங்கிகளை 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாறச் சொன்னது. நாட்டின் பணத்தை வைத்திருக்கும் வங்கிகளுக்கே டாட் காம் நம்பிக்கைச் சின்னம் அல்ல என்று ஆனபின், மிளகு விற்கிறவர் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்க டாட் இந்தியா என்ற பின்னொட்டும் உண்டு. தமிழ் வாடிக்கையாளருக்காக அதையும் வாங்கி, முதன்மைத் தளத்துக்குத் திருப்பி வைக்கலாம்.

கடைசியாக, யாரும் கேட்காத அந்த நான்காவது கேள்வி: பதிவு யார் பேரில்? டொமைனை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் பதிவு செய்து வைத்துக்கொள்கிறோம், புதுப்பிக்கிறோம், அவ்வளவே. 2018 செப்டம்பரில் ஸோஹோ டாட் காமையே அதன் பதிவு நிறுவனம் சில மோசடி மின்னஞ்சல் புகார்களைக் காட்டி முடக்கியது. உலகெங்கும் அதன் பயனாளர்கள் வேலை ஓடாமல் திண்டாடினார்கள். ஸோஹோவின் தலைவர் சமூக ஊடகத்தில் உதவி கேட்டுப் பேச வேண்டியதாயிற்று. ஸோஹோவால் அது முடிந்தது. நம் ஊர் வியாபாரியின் டொமைன் வெப்சைட் செய்து கொடுத்தவரின் மின்னஞ்சலில், அவருடைய கைபேசி எண்ணில் பதிவாகியிருக்கும். அவர் வேலை மாறிப் போவார், எண்ணை மாற்றுவார். புதுப்பிக்கச் சொல்லும் செய்தி அவருக்கே போகும். டாட் காம் காலாவதியானபின் சலுகை நாட்கள் கொஞ்சம் உண்டு, அதன்பின் கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள் உண்டு. அதுவும் போனால் பெயர் சந்தைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனவே பதிவைத் தன் பேரில், தன் மின்னஞ்சலில், தன் எண்ணுக்கு ஓடிபி வரும்படி வைத்துக்கொள்வது பெயரைத் தேர்ந்தெடுப்பதன் ஒரு பகுதி. முதல் ஆண்டுத் தள்ளுபடியைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

அப்படியானால் எந்தப் பெயர்? இரண்டு மூன்று அசை. போனில் ஒருமுறை சொன்னால் தமிழரும் மலையாளியும் ஒரே மாதிரி எழுதுகிற ஒலி. ‘ழ’வும் இரட்டை எழுத்தும் கோடும் எண்ணும் இல்லாதது. குடும்பப் பெயர்களின் எழுத்துகளைக் கோத்ததாக இருக்கலாம், சரக்குக்குத் தொடர்பில்லாத ஒரு பறவையோ ஓடையோ வீட்டுச் செல்லப் பெயரோ ஆகலாம். வாங்குவதற்குமுன் வணிகக்குறிப் பதிவேட்டின் பொதுத் தேடலில் அந்தப் பெயர் யாரிடமும் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கக் காசு கேட்பதில்லை. பிறகு பள்ளிப் பிள்ளை ஒன்றிடமும் வயதானவர் ஒருவரிடமும் வாயால் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இருவரும் ஒன்றுபோல எழுதினால் அன்றே பதிவு செய்யுங்கள்.

தோட்டம் முடங்கி, தொழிற்சாலை துருப்பிடித்துக் கிடக்கும் ஊர் போனக்காடு. தலைமுறைகளாக அங்கே கொழுந்து பறித்த குடும்பங்களுக்குத் தோட்டம் சொந்தமில்லை, குடியிருந்த லயமும் சொந்தமில்லை. பறித்த இலை விற்ற பெயரும் வேறு யாருடையதோ. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் தொழில் தொடங்கும்போது, யாரும் பறிக்கக்கூடிய பொதுச் சொல் ஒன்றை அவர் தலையில் கட்டாதீர்கள். ஊரும் சரக்கும் எல்லோருக்கும் பொது, அவை பக்கத்தில் எழுதும் விவரமாக இருக்கட்டும். டொமைன் மட்டும் அவருக்கே உரிய பெயராக, அவர் பேரிலேயே பதிவாக வேண்டும்.